உயிர் காலேஜ்

நுழையும்முன்

கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருள், பார்ப்பவரின் கேள்வியால்தான் பேசத் தொடங்குகிறது. கேட்கத் தெரிந்த குழந்தையும் சொல்லத் தெரிந்த மூத்தோரும் அதன்முன் சேர்ந்து நிற்கும்போது அருங்காட்சியகம் வகுப்பறையாகிறது. குழந்தைகளுக்கான அருங்காட்சியகங்கள் தோன்றிய வரலாற்றையும், அங்குக் குடும்பங்கள் ஒன்றாக ஈடுபடும் செயல்களின் பயனையும், சென்னை நொச்சிக்குப்பத்துக் கடற்கரையை முன்னிறுத்தி எடுத்துரைக்கிறது இப்பாடம்.

செத்த காலேஜும் உயிர் காலேஜும்

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மெட்ராஸ் இலக்கியக் கழகம் திரட்டி வைத்திருந்த ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளே அதன் முதல் சேகரிப்பு. நுங்கம்பாக்கத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் அது இயங்கிற்று. மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான எட்வர்டு பால்ஃபர் அதன் முதல் பொறுப்பாளர். இடம் போதாமையால் 1854இல் அது எழும்பூர் பாந்தியன் சாலைக்கு மாற்றப்பட்டது.

அருங்காட்சியகத்தில் உயிருள்ள புலியும் சிறுத்தையும் வைக்கப்பட்டிருந்தபோது மக்கள் திரண்டு வருவதைப் பால்ஃபர் கண்டார். கற்களையும் எலும்புகளையும் பார்க்க வராதவர்கள், மூச்சுவிடும் விலங்கைப் பார்க்க வந்தனர். இதனை உணர்ந்த அவர் 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஓர் உயிரியல் பூங்காவை அமைத்தார். அது 1863இல் மக்கள் பூங்காவுக்கு இடம் பெயர்ந்தது. இன்று வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் தொடக்கம் இதுவே.

கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கிய அருங்காட்சியகத்தைச் சென்னை மக்கள் ‘காலேஜ்’ என்றே அழைத்தனர். பின்னர், பதப்படுத்திய உடல்களும் எலும்புக்கூடுகளும் இருந்த அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. விலங்குகள் உலவிய பூங்கா ‘உயிர் காலேஜ்’ ஆயிற்று. எழுத்தறியாத மக்கள் நகைச்சுவையாக இட்ட இப்பெயர்களில் ஆழமான ஒரு திறனாய்வு அடங்கியுள்ளது. பொருள்களைச் சேர்த்து வைப்பதால் மட்டும் ஒரு கூடம் உயிர் பெறுவதில்லை என்பதே அது. செத்த காலேஜை உயிர் காலேஜாக மாற்றுவது எவ்வாறு என்னும் வினாவுக்கு விடை தேடிய முயற்சிகளுள் ஒன்றுதான் குழந்தைகள் அருங்காட்சியகம்.

தொடுதலே முதல் அறிவு

‘அருங்காட்சியகம்’ என்னும் சொல் அருமை, காட்சி, அகம் என்னும் மூன்று சொற்களால் ஆனது. காண்பதற்கு அரியவை இருக்கும் இடம் என்பது அதன் பொருள். இப்பெயர் கண்ணுக்கே முதன்மை தருகிறது. ஆனால், தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகைப்படுத்தும்போது வேறொரு வரிசையைப் பின்பற்றுகிறது. அங்கு முதலில் நிற்பது தொடுவுணர்வு. அடுத்து நாவும் மூக்கும் இடம்பெறுகின்றன. கண்ணுக்கு நான்காம் இடமும் செவிக்கு ஐந்தாம் இடமும் அமைகின்றன. இவற்றையெல்லாம் தொகுத்து உணரும் மனம் ஆறாவதாக வைக்கப்படுகிறது.

குழந்தை உலகை அறியும் முறையும் இவ்வரிசைக்கு நெருக்கமானது. கைக்கு எட்டியதைப் பற்றுகிறது, வாயில் வைத்துப் பார்க்கிறது, முகர்கிறது, பின்னரே நின்று நோக்கக் கற்கிறது. ‘தொடாதீர்கள்’ என்னும் பலகை இவ்வியல்பான வழியின் குறுக்கே நிற்கிறது. அரிய தொல்பொருளைக் காக்க அப்பலகை தேவை. ஆயினும், குழந்தையின் கற்றலுக்கு வேறொரு வாயிலும் தேவைப்படுகிறது.

அவ்வாயில் 1899இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துப் புரூக்ளினில் திறந்தது. உலகின் முதல் குழந்தைகள் அருங்காட்சியகம் என்று போற்றப்படுவது அங்குத் தொடங்கப்பட்ட புரூக்ளின் குழந்தைகள் அருங்காட்சியகமே. 1913இல் பாஸ்டன் நகரில் மற்றொன்று உருவாயிற்று. 1962இல் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற மைக்கேல் ஸ்பாக், காட்சிப்பொருள்களைப் பேழைகளிலிருந்து வெளியே கொண்டுவந்தார். அன்றாடப் பொருள்களின் உட்புறத்தைத் திறந்து காட்டும் காட்சிகளை அமைத்தார். குழந்தைகள் அவற்றைத் தொட்டும் இயக்கியும் கற்றனர். 1969இல் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் சான்பிரான்சிஸ்கோவில் நிறுவிய ‘எக்ஸ்ப்ளோரடோரியம்’ இதே நெறியை அறிவியலுக்கு விரிவாக்கியது. பார்வையாளர் செய்முறையாளராக மாறினார்.

இந்திய முயற்சிகள்

இந்தியாவில் இம்முயற்சி பல வடிவங்களில் வளர்ந்தது. கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர், குழந்தைகளுக்காக ஓவியப் போட்டிகளை நடத்தியவர். அவருக்கு அங்கேரித் தூதர் அளித்த ஒரு பொம்மை, உலக நாடுகளின் பொம்மைகளைச் சேகரிக்கும் ஆர்வத்தைத் தூண்டியது. அதன் விளைவாக 1965இல் புதுதில்லியில் சங்கர் பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகம் உருவானது. ஆடையும் அணியும் வழியாக நாடுகளை அறிமுகப்படுத்தும் இடம் அது. கொல்கத்தாவில் நேரு குழந்தைகள் அருங்காட்சியகம் 1972இல் தொடங்கப்பட்டது. மும்பையின் சத்ரபதி சிவாஜி மகராஜ் அருங்காட்சியகத்தில் 2019இல் திறக்கப்பட்ட குழந்தைகள் அருங்காட்சியகம் ஒரு படி முன்னேறியது. அங்குக் காட்சிகளைத் திட்டமிடும் காப்பாளர் பணியில் குழந்தைகளே பங்கேற்கின்றனர்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலும் குழந்தைகளுக்கெனத் தனிக்கூடம் உள்ளது. பல்வேறு நாகரிகங்களின் உடைகளை அணிந்த பொம்மைகளும் அறிவியல் மாதிரிகளும் அங்கு இடம்பெற்றுள்ளன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்மாநிலங்களின் மரபு வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பிய இடம். அங்குத் திண்ணையில் அமரலாம், குயவரின் சக்கரத்தில் களிமண்ணைத் தொட்டு வனையலாம், கைவினைஞரோடு உரையாடலாம்.

தெரியுமா?

ஆண்டுதோறும் மே 18ஆம் நாள் பன்னாட்டு அருங்காட்சியக நாளாகக் கொண்டாடப்படுகிறது. பன்னாட்டு அருங்காட்சியகக் கழகம் 1977இல் இதனை அறிவித்தது. நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது.

குடும்பம் என்னும் வகுப்பு

பள்ளிச் சுற்றுலாவில் ஐம்பது மாணவர்கள் ஒரே வரிசையில் நகர்கின்றனர். ஒருவர் நின்றால் பின்னால் வருபவர் தள்ளுவார். குடும்பமாகச் செல்லும்போது நேரம் குழந்தையின் கையில் இருக்கிறது. ஒரே பொருளின்முன் அரைமணி நேரம் நிற்கவும், விரும்பாத கூடத்தைக் கடந்து செல்லவும் இயலும். குடும்ப வருகையின் முதற்பயன் இதுவே.

இதனை உணர்ந்த அருங்காட்சியகங்கள் குடும்பங்களுக்கெனச் செயல்பாடுகளை வகுக்கின்றன. குறிப்புகளைக் கொண்டு பொருள்களைத் தேடிக் கண்டறியும் விளையாட்டு, கதை சொல்லும் நேரம், களிமண் உருவம் செய்தல், பார்த்த சிற்பத்தை வரைதல், பழங்கால உடை அணிந்து பார்த்தல் ஆகியவை அவற்றுட் சில. இவற்றில் பெற்றோர் வெளியே காத்திருப்பதில்லை. குழந்தையோடு அமர்ந்து தாமும் செய்கின்றனர். அறிந்ததைச் சொல்கின்றனர். அறியாததை ‘எனக்கும் தெரியவில்லை, தேடிப் பார்ப்போம்’ என்று ஒப்புக்கொள்கின்றனர். பெரியவரும் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பதைக் குழந்தை நேரில் காண்கிறது.

மூன்றாவது பயன், எல்லாவற்றினும் முதன்மையானது. அருங்காட்சியகக் குறிப்புப் பலகையில் இல்லாத செய்தி பல வேளைகளில் குடும்பத்து மூத்தோரின் நினைவில் இருக்கிறது. அதனை வெளிக்கொணரும் திறவுகோலாகக் காட்சிப்பொருள் அமைகிறது. மெரினாக் கடற்கரையின் தென்பகுதியில், மயிலாப்பூரை ஒட்டி அமைந்த நொச்சிக்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பைக் கொண்டு இதனை விளக்கலாம்.

பேழையும் பாட்டியும்

நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு பாட்டியும் பேத்தியும் ஓர் அருங்காட்சியகத்துக்குச் செல்வதாகக் கொள்வோம். அங்கே ஒரு பேழைக்குள் கட்டுமரத்தின் சிறிய மாதிரி இருக்கிறது. ‘கட்டுமரம், மரமும் கயிறும், சோழமண்டலக் கடற்கரை’ என்று அதன் கீழே எழுதப்பட்டிருக்கிறது. பேத்தி கேட்கிறாள்:

“இது என்ன ஆயா, ஓட்டைப் படகா? நடுவுல எல்லாம் சந்து சந்தா இருக்குது!”

“படகு இல்ல கண்ணு, கட்டுமரம். அந்தச் சந்து இருக்கறதாலதான் அது முழுகாது. அலை மேல ஏறினாலும் தண்ணி அப்படியே வழிஞ்சு போயிடும்.”

“கயிறு ஏன் கட்டியிருக்கு? ஆணி அடிச்சிருக்கலாமே?”

“கரைக்கு வந்ததும் கயித்த அவுத்துக் கட்டைய காய வெப்பாங்க. ஈரம் ஊறிப்போனா கனமாயிடும். மறுநாள் தூக்க முடியாது. உங்க தாத்தா தெனமும் அப்படித்தான் செய்வாரு.”

பலகையில் இருந்தவை ஒரு பெயரும் இரண்டு பொருள்களும் ஓர் இடமும். பாட்டி தந்தவை மிதத்தலின் இயற்பியல், மரத்தின் இயல்பு, ஒரு தொழிலின் அன்றாட ஒழுங்கு, ஒரு குடும்பத்தின் வரலாறு. பாட்டி பள்ளிக்குச் செல்லாதவராகவே இருக்கலாம். அந்தப் பேழையின்முன் ஆசிரியராக நிற்பவர் அவரே. தன் வீட்டில் இருந்தவரே இத்தனையும் அறிந்தவர் என்பதைப் பேத்தி முதன்முறையாக உணர்கிறாள். அவளுக்கு இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வேறொன்று இல்லை.

ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேட்டமரான்’ என்னும் சொல் ‘கட்டுமரம்’ என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து பிறந்தது. சொல் உலகெங்கும் சென்றுவிட்டது. சொல்லுக்கு உரிய கலமோ கரையிலிருந்து மறைந்து வருகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு, தமிழகக் கடற்கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவை விரைவானவை, கூடுதல் சுமையைத் தாங்குபவை, மீனவரின் உழைப்பைக் குறைப்பவை. அவற்றை ஏற்றது இயல்பான மாற்றமே. ஆயினும், கட்டுமரத்தோடு சேர்ந்து அதனைக் கட்டும் அறிவும் மறைகிறது. கட்டும் முறையை அறிந்த கைகள் முதுமை அடைந்துள்ளன. அவற்றைப் பார்த்துக் கற்க இன்றைய சிறுவர்க்கு வாய்ப்புக் குறைவு.

கரையில் உள்ள சேகரிப்பு

மறையக்கூடியது கட்டுமரம் மட்டும் அன்று. வாடை, தென்றல், கொண்டல், கோடை எனக் காற்றைத் திசையால் பிரித்தறிந்த மரபு நெய்தல் நிலத்து மக்களின் வாழ்வோடு இணைந்தது. காற்றின் மாற்றத்தையும் நீரோட்டத்தின் போக்கையும் கொண்டு கடலுக்குச் செல்லலாமா என முடிவு செய்வது மீனவரின் அன்றாடத் தேர்வு. கரையில் தெரியும் உயர்ந்த அடையாளங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, கடலில் மீன்வளம் மிக்க இடத்தைக் கணிப்பதும் அவர்தம் கலை. கிழிந்த வலையின் கண்களை அளவு மாறாமல் பின்னிச் சேர்ப்பது விரல்கள் கற்ற கணிதம். செவுளின் நிறத்தையும் கண்ணின் தெளிவையும் பார்த்து மீனின் புதுமையைச் சொல்வது மீன் விற்கும் பெண்களின் நுட்பம்.

இவ்வறிவு எந்தப் பேழைக்குள்ளும் அடங்காது. சொல்லிலும் செயலிலும் மட்டுமே வாழ்கிறது. நொச்சிக்குப்பமும் மாறி வருகிறது. கடற்கரையின் உட்சாலை ஓரத்தில் நடைபெற்ற மீன் விற்பனைக்கென 2024இல் அங்கு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. வாழ்விடமும் தொழிலிடமும் மாறும் காலத்தில், பழையதை அறிந்தவரிடம் கேட்டு வைப்பது உடனடிக் கடமையாகிறது. அடுத்த தலைமுறை கேட்க முனையும்போது சொல்வதற்கு ஆள் இல்லாமற் போகலாம்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. மீனவரின் வாழ்வு அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக வைக்கப்படும்போது, மீனவர் பிறரால் பார்க்கப்படுபவராக ஆகிறார். அவர்தம் குழந்தை அங்குப் பார்வையாளராகவும் விளக்குநராகவும் வரும்போது இந்நிலை மாறுகிறது. குறிப்புப் பலகையில் எதை எழுத வேண்டும் என்று சொல்லும் உரிமை அக்குழந்தைக்கும் கிடைக்கிறது. மும்பையில் குழந்தைகள் காப்பாளராக அமர்வதன் உட்பொருளும் இதுவே. ஒரு சமூகத்தின் பொருளைக் காட்சிக்கு வைப்பவர் அச்சமூகத்தின் குரலையும் உடன் வைத்தல் வேண்டும்.

சுவரில்லாக் கூடங்கள்

குடும்பங்கள் கூடிக் கற்கும் இடங்கள் கட்டடங்களுக்கு வெளியிலும் உள்ளன. நொச்சிக்குப்பத்துக்கு அருகில், 1977 முதல் இயங்கி வரும் மெரினாக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதன் பார்வை மாடம் 2013இல் பொதுமக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. கடலிலிருந்து பெரியவர்கள் கரையடையாளமாகப் பார்க்கும் அந்த இடத்தில் ஏறி நின்று, சிறுவர்கள் கடலையும் தம் தெருவையும் ஒருசேரக் காணலாம். பார்த்ததை நிலப்படமாக வரைவது சிறந்த குடும்பச் செயல்பாடு.

சனவரி முதல் மார்ச்சு வரையிலான இரவுகளில் பங்குனி ஆமைகள் சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வருகின்றன. ஓர் ஆமை நூறு முட்டைகளுக்குமேல் இடும். மணலின் வெப்பத்தில் ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் அவை பொரிகின்றன. குஞ்சுகள் ஒளியை நோக்கி நகரும் இயல்புடையவை. இயற்கையில் கடற்பரப்பின் மங்கிய ஒளியே அவற்றுக்கு வழிகாட்டி. நகர விளக்குகள் அவற்றைச் சாலைப்பக்கம் திருப்பிவிடுகின்றன. ஆகவே முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடும் பணியை, 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் செய்து வருகின்றனர். அவர்களோடு இரவு நடையில் பெற்றோரும் பிள்ளைகளும் கலந்துகொள்கின்றனர். உள்ளங்கை அளவிலும் சிறிய ஓர் உயிர் அலையை நோக்கித் தவழ்வதைப் பார்த்த குழந்தைக்குப் பாதுகாப்பு என்னும் சொல்லின் பொருளைத் தனியாக விளக்க வேண்டுவதில்லை.

வீடு திரும்பிய பின்

குடும்ப வருகையின் பயன், முன்னும் பின்னும் செய்பவற்றைப் பொறுத்தது. புறப்படும் முன் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளலாம். எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க முயலாமல், மூன்று பொருள்களை மட்டும் தேர்ந்து நிதானமாகப் பார்க்கலாம். ஒவ்வொன்றின்முன்னும், ‘யார் செய்தார்? எதனால் செய்தார்? எப்படிப் பயன்படுத்தினார்? இப்போது அது ஏன் இல்லை?’ என்னும் நான்கு வினாக்களை எழுப்பலாம்.

வீடு திரும்பியபின், வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றை எடுத்து அதே நான்கு வினாக்களை மூத்தோரிடம் கேட்கலாம். அது வலைப்பின்னும் ஊசியாகவோ அம்மியாகவோ பழைய நிழற்படமாகவோ இருக்கலாம். விடைகளை ஓர் அட்டையில் எழுதிப் பொருளின் அருகில் வைத்தால், வீட்டின் ஒரு மூலை அருங்காட்சியகமாகிவிடும். தெருவிலுள்ள பத்துக் குடும்பங்கள் இவ்வாறு பொருள்களைக் கொண்டுவந்து ஒரு மாலைப்பொழுதில் காட்சிப்படுத்தினால், அதுவே ஊர்விழா ஆகும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கேட்கும் ஆர்வமும் சொல்லும் பொறுமையும் போதும்.

நொச்சி என்பது ஒரு செடியின் பெயர். மதிலைக் காத்து நின்ற வீரர் அதன் பூவைச் சூடினர். அதனால் காத்தலைப் பாடும் புறத்திணைக்கும் நொச்சி என்றே பெயர் அமைந்தது. மதிலைக் காப்பவர் வாயிலை அடைத்து நிற்பர். அறிவைக் காப்பவரோ வாயிலைத் திறந்து வைத்தல் வேண்டும். பேத்தியின் கேள்விக்குப் பாட்டி விடை சொல்லும் இடமெல்லாம் உயிர் காலேஜ்தான்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைப் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து, எட்டு வரிகளில் அதற்குரிய குறிப்பு அட்டை ஒன்று எழுதுக.

2. உங்கள் ஊரில் மறைந்து வரும் ஒரு தொழிலின் கருவிகள், செயல்முறைகள், வழக்குச் சொற்கள் ஆகியவற்றைத் தொகுத்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

3. ‘மரபுக் கருவிகள் மறைவது இழப்பா, வளர்ச்சியா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. தொல்காப்பிய மரபியலின் அறிவு வரிசையில் முதலில் வைக்கப்படுவது
அ) காணுதல் ஆ) கேட்டல் இ) தொட்டறிதல் ஈ) முகர்தல்

2. பொருத்துக.
அ) புரூக்ளின் – 1) 1851
ஆ) தட்சிணசித்ரா – 2) 1899
இ) சென்னை அரசு அருங்காட்சியகம் – 3) 1965
ஈ) சங்கர் பொம்மை அருங்காட்சியகம் – 4) 1996

குறுவினா

1. ‘செத்த காலேஜ்’, ‘உயிர் காலேஜ்’ – பெயர்க்காரணம் தருக.

2. கட்டுமரம் கயிற்றால் கட்டப்பட்டதன் காரணத்தைப் பாடப்பகுதி கொண்டு எழுதுக.

சிறுவினா

1. பள்ளிச் சுற்றுலாவுக்கும் குடும்ப வருகைக்கும் இடையிலான வேறுபாடுகளை எழுதுக.

2. பங்குனி ஆமைக் குஞ்சுகளுக்கு நகர விளக்குகளால் ஏற்படும் இடர் யாது? அதனைக் களைய மேற்கொள்ளப்படும் முயற்சியை விளக்குக.

நெடுவினா

‘ஒரு சமூகத்தின் பொருளைக் காட்சிக்கு வைப்பவர் அச்சமூகத்தின் குரலையும் உடன் வைத்தல் வேண்டும்’ – இக்கருத்தை நொச்சிக்குப்பத்துச் சான்றுகளோடு நிறுவுக.